குழுவா வெளிநாடு போறோம்: டூரா, பரிமாற்றமா?

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து இந்த வார எபிசோட். எடுத்துக்கிட்ட விஷயம், நம்ம நிகழ்ச்சியைக் கேட்கிற ஒரு தங்கச்சி அனுப்பின கேள்வி. நர்சிங் முடிச்சுட்டு மதுரையில வேலை பார்க்கிறாங்க. ஒரு தன்னார்வக் குழு, 'பண்பாட்டு, தொழில் பரிமாற்றப் பயணம்'னு சொல்லி பத்து நாள் வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போகுதாம். கட்டணம் ரெண்டு லட்சத்துக்கு மேல. வீட்ல நகையை அடகு வச்சாவது அனுப்புறோம்னு சொல்றாங்களாம். "போகலாமாண்ணா?" இதுதான் கேள்வி.

போ, போகாதேன்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. ஆனா உண்மையான பரிமாற்றம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சா, அந்த முடிவை அவங்களே எடுத்துடலாம். அதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு.

ரோட்டரி சங்கம்னா நமக்குப் போலியோ சொட்டு மருந்தும் ரத்ததான முகாமும்தான் ஞாபகம் வரும். அவங்க 1965-ல 'குரூப் ஸ்டடி எக்ஸ்சேஞ்ச்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. சுருக்கமா ஜி.எஸ்.இ. வெவ்வேறு வேலையில இருக்கிற 25-லிருந்து 40 வயசுக்காரங்களைச் சின்னக் குழுவாச் சேர்த்து, நாலு முதல் ஆறு வாரம் இன்னொரு நாட்டுக்கு அனுப்புவாங்க. குழுத் தலைவர் மட்டும் ரோட்டரிக்காரர். மத்தவங்க ரோட்டரி உறுப்பினரா இருக்கக் கூடாது, உறுப்பினரோட பிள்ளைகளாவும் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதிதான் அதைச் சொந்தக்காரங்க சுற்றுலாவா மாறாமத் தடுத்துச்சு.

விமான டிக்கெட் செலவு ரோட்டரி அறக்கட்டளையோடது. அங்க போய் இறங்கினதும் தங்குறது, சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் எல்லாம் அந்த ஊர் ரோட்டரிக்காரங்க பொறுப்பு. தங்கினது ஹோட்டல்ல இல்ல, வீட்ல. சில நாளைக்கு ஒரு வீடுன்னு மாறிக்கிட்டே இருக்கும். காலையில அந்த வீட்டுப் பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கிளம்புற அவசரத்தையும், ராத்திரி சாப்பாட்டு மேசையில நடக்கிற சண்டையையும் பார்க்காம ஒரு ஊரைத் தெரிஞ்சுக்க முடியாதுல்ல?

நாலு வாரப் பயணம்னா அட்டவணை இப்படி இருக்கும்: ஐந்து முழு நாள் அவங்கவங்க தொழிலுக்கு மட்டும். ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்குப் போவாங்க, நர்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. அதோட பல இடங்களும் நிகழ்ச்சிகளும். நடுவுல உள்ளூர்ச் சங்கக் கூட்டங்கள்ல நின்னு, தன் நாட்டையும் தன் வேலையையும் பத்திப் பேசணும். பார்த்துட்டு மட்டும் வர முடியாது. நீங்களும் ஏதாவது சொல்லியாகணும்.

முக்கியமான விஷயம், ரெண்டு மாவட்டங்கள் ஜோடி சேர்ந்துதான் இதை நடத்தும். இங்கிருந்து ஒரு குழு போனா, அங்கிருந்து ஒரு குழு இங்க வரணும். இன்னைக்கு எனக்குச் சோறு போட்டவங்களோட ஊர்க்காரங்களுக்கு நாளைக்கு என் ஊர்க்காரங்க சோறு போடணும். பரிமாற்றம்ங்கிற வார்த்தைக்கு அர்த்தமே அந்தத் திரும்பி வர்ற பாதைதான்.

2013-ல ரோட்டரி அறக்கட்டளை தன் நிதித் திட்டங்களை மாத்தி அமைச்சப்போ ஜி.எஸ்.இ. முடிவுக்கு வந்துச்சு. அதுக்குப் பதிலா 'தொழில் பயிற்சிக் குழுக்கள்' வந்தது. ஒரு குறிப்பிட்ட திறமையைக் கத்துக்க, இல்லேன்னா கத்துக்கொடுக்க ஒரு குழு போகும். உலக அளவிலான நிதி கேட்கணும்னா திட்டத்தோட மொத்த மதிப்பு குறைஞ்சது 30,000 டாலர் இருக்கணும், பலன் நிலைச்சு நிக்கும்னும் காட்டணும். இன்னொரு பக்கம் 'நட்புப் பரிமாற்றம்'னு ஒண்ணும் நடக்குது. அதுல பயணச் செலவை போறவங்களே பார்த்துக்கணும், தங்குறது உறுப்பினர்கள் வீட்ல. அதனால சொந்தக் காசு கேட்டாலே ஏமாத்துன்னு முடிவு கட்டாதீங்க. அந்தக் காசுக்கு என்ன கிடைக்குதுங்கிறதுதான் கேள்வி.

இப்போ நம்ம மதுரைக்கு வருவோம். பரிமாற்றம்னா நாம வெளிநாடு போறதுன்னு மட்டும்தான் நினைக்கிறோம். நம்மகிட்ட கத்துக்கவும் உலகம் வந்துக்கிட்டுத்தான் இருக்கு.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலையில ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போ அவருக்கு வயசு 58. அங்க ஒரு டாக்டர் ஒரு மேசையில அறுவை சிகிச்சையை முடிக்கும்போதே, பக்கத்து மேசையில அடுத்த நோயாளி தயாரா இருப்பார். அந்தத் தயார்ப்படுத்துற வேலையைச் செய்றவங்க, பெரும்பாலும் கிராமங்கள்லிருந்து வந்து அங்கேயே பயிற்சி எடுத்த பெண்கள். இந்த வேலை ஒழுங்கை மத்த ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிக்கொடுக்க, 1992-ல லயன்ஸ் சங்கத்தோட உதவியோட 'லைக்கோ' பயிற்சி நிறுவனம் வந்துச்சு. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் தனியா ஒரு டாக்டரை மட்டும் அனுப்பாம, டாக்டர், நிர்வாகி, நர்ஸ்னு குழுவா வருவாங்க. ஒருத்தர் மட்டும் கத்துக்கிட்டுப் போனா, ஊர்ல போய் மத்தவங்களோட மல்லுக்கட்டியே ஓய்ஞ்சு போவார். ஆபீஸ்ல புது டூல் கொண்டுவர ஒத்தை ஆளா முயற்சி பண்ண எல்லாருக்கும் இது புரியும்.

அரவிந்தும் வெளியில இருந்து வாங்கிக்கிட்டுத்தான் வளர்ந்துச்சு. கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் ஒரு காலத்துல இறக்குமதிச் சரக்கு. ஒண்ணு நூறு டாலர் அளவுல இருந்துச்சு. அமெரிக்காவோட சேவா அறக்கட்டளைத் தொடர்பு வழியா அந்தத் தொழில்நுட்பம் மதுரைக்கு வந்து, 1992-ல ஆரோலேப் உற்பத்தியைத் தொடங்கின பிறகு விலை பத்து டாலர் அளவுக்கு இறங்குச்சு. வந்தவங்க திரும்பிப் போனாலும் வேலை இங்க நின்னுச்சு.

சரி தங்கச்சி, அந்தக் குழுகிட்ட நீங்க கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

ஒண்ணு, பத்து நாள்ல என் தொழிலுக்கு எத்தனை நாள்? எந்த ஆஸ்பத்திரி? பேரை வாங்கிக்கிட்டு நீங்களே அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மெயில் போடுங்க. 'மருத்துவமனைப் பார்வை'ன்னு ஒரே ஒரு மதியம் மட்டும் இருந்தா, அது டூர்.

ரெண்டு, எங்க தங்குறோம்? ஹோட்டல்னா தப்பில்ல. ஆனா அதைப் பண்பாட்டுப் பரிமாற்றம்னு சொல்லி விற்கக் கூடாது.

மூணு, அங்கிருந்து இங்க யார் வர்றாங்க, எப்போ? பதில் இல்லேன்னா 'பரிமாற்றம்'ங்கிற வார்த்தையை அடிச்சுட்டு விலையைப் பாருங்க.

நாலு, கட்டணத்தைப் பிரிச்சுக் காட்டுவாங்களா? டிக்கெட், தங்குமிடம், இன்சூரன்ஸ், நிர்வாகச் செலவுன்னு தனித்தனியா எழுத்துல வேணும். விசா கிடைக்கலேன்னா எவ்வளவு திரும்ப வரும்? 'விசா கேரண்டி'ன்னு யாராவது சொன்னா அங்கேயே எழுந்து வந்துருங்க. அந்த முடிவு அந்த நாட்டு அரசாங்கத்தோடது.

நர்ஸுக்குன்னு ஒண்ணு தனியாச் சொல்லணும். அந்த நாட்டுல பதிவு இல்லாம நோயாளிக்குச் சிகிச்சை தர விடமாட்டாங்க. கூட நின்னு பார்க்கலாம், அவ்வளவுதான். அது நல்ல அனுபவம். ஆனா அந்தச் சான்றிதழை வச்சு அங்க வேலை கிடைக்கும்னு யாரும் சொன்னா நம்பாதீங்க. இந்த நாலுக்கும் நேரான பதில் வர்ற வரைக்கும் நகை பீரோவுலேயே இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டே இல்லாதவங்களும் ஒரு பரிமாற்றத்துல சேரலாம். மதுரைக்குக் குழு வரும்போது உங்க வீட்ல ஒருத்தரைத் தங்க வைங்க. வெளிநாட்டுக்காரர் வீட்ல தங்கினா, 24 மணி நேரத்துக்குள்ள குடியேற்ற அலுவலகத்துக்கு இணையம் வழியா தகவல் தரணும். அதை மட்டும் மறக்காதீங்க. அப்புறம் அவரை கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கூட்டிட்டுப் போய், செட்டிப்புடவுல இருக்கிற தீர்த்தங்கரர் சிற்பம் யாருது, இங்க ஏன் இருக்குன்னு பத்து நிமிஷம் சொல்லிப் பாருங்க. அதைச் சொல்ல வந்துட்டா, எந்த நாட்டுக்குப் போனாலும் நீங்க கை வீசிக்கிட்டுப் போக மாட்டீங்க.

உங்களுக்கும் இப்படி ஏதாவது அழைப்பு வந்திருந்தா அனுப்புங்க, உட்கார்ந்து வரி வரியாப் படிச்சுப் பார்ப்போம். அடுத்த வாரம் சந்திப்போம்.