சுறா அறியாத எல்லைக்கோடு

2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பசிபிக் பெருங்கடலில், ஈக்குவடோர் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே ஒரு சீனக் கப்பலை அதிகாரிகள் மடக்கிப் பிடித்தனர். அதன் குளிர்கிடங்கில் 6,000க்கும் மேற்பட்ட சுறாக்கள் கிடந்தன. அழிவின் விளிம்பில் இருக்கும் சுத்தியல் தலைச் சுறாக்களும் அவற்றுள் அடங்கும்.

கலாபகோஸ் கடல் காப்பகத்துக்குள் நுழைந்ததால் அந்தக் கப்பல் சிக்கியது. 1998இல் அமைக்கப்பட்ட இக்காப்பகத்தில் பெரிய கப்பல்கள் மீன் பிடிக்கத் தடை உண்டு. இதன் பரப்பளவு ஏறத்தாழ 133,000 சதுர கிலோமீட்டர். அதாவது, கிட்டத்தட்ட தீபகற்ப மலேசியாவின் அளவு.

இவ்வளவு பெரிய இடம் சுறாக்களுக்குப் போதாதா? காப்பகத்தின் எல்லையை வரைந்தவர்கள் மனிதர்கள். அப்படி ஒரு கோடு இருப்பதே சுறாவுக்குத் தெரியாது. அது எல்லையைத் தாண்டினால் காப்பகச் சட்டம் அதனுடன் போகாது. எனவே, சுறாக்கள் எங்கே செல்கின்றன என்பதை அறிய விஞ்ஞானிகள் அவற்றின் மீது கருவிகளைப் பொருத்தினர்.

கடலடியில் டோல் சாவடி

முதல் வகை, ஒலிக் கருவி. விரல் அளவுள்ள இக்கருவியை முக்குளிப்பாளர்கள் சுறாவின் முதுகுத் துடுப்புக்கு அருகே பொருத்துவார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் அது ஓர் ஒலியை எழுப்பும். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலியில், அந்தச் சுறாவுக்கே உரிய எண் அடங்கியிருக்கும்.

தீவுகளைச் சுற்றிக் கடலடியில் ஒலிவாங்கிகள் நிறுத்தப்பட்டிருக்கும். டோல் சாவடியைக் கடக்கும் காரின் விவரம் பதிவாவதுபோல், அருகே வரும் சுறாவின் எண், தேதி, நேரம் ஆகியவை அதில் பதிவாகும். ஆனால், சில நூறு மீட்டருக்கு அப்பால் சுறா சென்றால் ஒலிவாங்கிக்குக் கேட்காது. பதிவுகளைப் பெறவும் முக்குளிப்பாளர்கள் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

துணைக்கோளத்தோடு பேச்சு

ஒலிவாங்கி இல்லாத திறந்த கடலில் துணைக்கோளக் கருவி கைகொடுக்கிறது. வானொலி அலைகள் கடல்நீரில் வெகுதூரம் செல்வதில்லை. அதனால் சுறா மேலே வந்து, கருவியின் கம்பி நீருக்கு வெளியே நீண்டால்தான் தகவல் துணைக்கோளத்தைச் சென்றடையும்.

ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் ஒலி கூர்மையாகவும், விலகும்போது மந்தமாகவும் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். இதுவே டாப்ளர் விளைவு. வேகமாகச் செல்லும் துணைக்கோளம் பெறும் அலைகளிலும் இதே மாற்றம் தெரியும். அதை வைத்துச் சுறா இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறார்கள்.

நீரின் மேற்பரப்புக்கு அரிதாகவே வரும் சுறாக்களுக்கு வேறொரு கருவி உண்டு. அது வெளிச்சம், ஆழம், வெப்பநிலை ஆகியவற்றைப் பல மாதங்கள் பதிவு செய்யும். குறித்த நாளில் தானே கழன்று மிதந்து, தகவலை அனுப்பும். நண்பகல் எந்நேரத்தில் வந்தது என்பதிலிருந்து தீர்க்க ரேகையையும், பகலின் நீளத்திலிருந்து அட்ச ரேகையையும் தோராயமாக அறியலாம்.

வரைபடம் மாறியது

கலாபகோஸில் சுத்தியல் தலைச் சுறாக்கள் பகலில் டார்வின், வுல்ஃப் தீவுகளின் ஓரமாகக் கூட்டமாய்த் திரிவதும், இரவில் திறந்த கடலுக்குச் செல்வதும் தெரியவந்தன. சில சுறாக்கள் சுமார் 700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோஸ்டா ரிக்காவின் கோகோஸ் தீவு வரை சென்றிருந்தன. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பும் தூரம் அது! பல நாட்டு ஆய்வாளர்கள் ‘மிக்ராமார்’ என்ற கூட்டமைப்பின் வழியாகப் பதிவுகளைப் பகிர்ந்துகொண்டதால்தான் இந்தப் பாதை புலப்பட்டது.

இரு தீவுகளிலும் பாதுகாப்பு இருந்தது. ஆனால், இடைப்பட்ட வழியில் இல்லை. இதை உணர்ந்த ஈக்குவடோர், 2022 ஜனவரியில் ‘எர்மான்தாத்’ என்ற புதிய காப்பகத்தை 60,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைத்தது. அதன் ஒரு பாதியில் மீன்பிடிக்கவே கூடாது. மறுபாதியில், ஏராளமான கொக்கிகளுடன் பல கிலோமீட்டர் நீளும் தூண்டில் கயிறுகளுக்குத் தடை. கோஸ்டா ரிக்காவும் தன் பங்குக்குக் கோகோஸ் தீவின் காப்பகத்தைப் பன்மடங்கு விரிவாக்கியது.

ஆனாலும் திறந்த கடலின் பெரும்பகுதி இன்னும் காவலின்றியே கிடக்கிறது. 2019இல் கலாபகோஸில் கருவி பொருத்தப்பட்ட ஒரு திமிங்கலச் சுறாவுக்கு ‘ஹோப்’, அதாவது நம்பிக்கை, என்று பெயரிட்டனர். 2020 மே மாதம், காப்பகத்துக்கு வெகுதொலைவில், அதன் கருவி திமிங்கலச் சுறாவின் வழக்கமான வேகத்தைவிடப் பன்மடங்கு வேகமாக, நீரின் மேற்பரப்பிலேயே நகர்ந்தது. பிறகு தகவல் நின்றுபோனது. சுறா பிடிபட்டு, கருவி ஒரு கப்பலில் சென்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் அஞ்சினர்.

சுறா போகும் வழியைக் கருவி காட்டும். ஆனால், அதனால் சுறாவைக் காக்க முடியாது. அந்த வழியைக் காப்பது மனிதர்கள் எடுக்கும் முடிவில்தான் இருக்கிறது.