செவிலியரும் சான்றும்

நுழையும்முன்

ஊர் உறங்கும் இரவிலும் நோயாளியின் அருகே விழித்திருப்பவர் செவிலியர். அவர் செலுத்தும் மருந்தை நோயாளி நம்பி ஏற்கிறார்; அவருடைய கல்வியையும் பணி வரலாற்றையும் கேட்டறியும் நிலையில் நோயாளி இல்லை. நோயாளிக்காக அவற்றைக் கேட்டறிய வேண்டியவர் யார்?

வள்ளுவர் வகுத்த நெறி

மருத்துவத்தின் கூறுகள் நான்கு எனக் கூறும் திருவள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து துணைபுரிபவரையும் சேர்த்து எண்ணுகிறார். ஒருவரை ஆராய்ந்த பின்னரே நம்புதல் வேண்டும் என்பதற்குத் 'தெரிந்து தெளிதல்' என்னும் தனி அதிகாரமும் வகுத்துள்ளார். இவ்விரு கருத்துகளும் இணையும் இடமே, செவிலியரைப் பணியமர்த்தும்முன் நிகழும் பின்புலச் சரிபார்ப்பு.

பதிவேடு என்னும் காவல்

சென்னை மாகாணத்தில் செவிலியரையும் தாதியரையும் பதிவு செய்வதற்கான சட்டம் 1926ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. நாடு முழுவதும் கல்வித்தரத்தைச் சீராக்க, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இந்தியச் செவிலியர் மன்றம் தோன்றியது.

திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கலைச் சேர்ந்த மாணவி ஒருவர் செவிலியப் பட்டம் பெற்று, முண்டியம்பாக்கத்திலோ வளைகுடா நாடொன்றிலோ பணி நாடுவதாகக் கொள்வோம். அவர் காட்டும் சான்றிதழ் ஒரு தாளே. தாளைப் போலியாகவும் அச்சிடலாம். ஆகவே, பட்டத்தைக் கல்லூரியிடமும், பதிவைச் செவிலியர் குழுமத்திடமும், பணியனுபவத்தை முன்னர்ப் பணியாற்றிய மருத்துவமனையிடமும் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்கின்றனர். வெளிநாடு செல்வோரிடம் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும் கேட்கப்படுவதுண்டு.

மௌனத்தின் விலை

கேட்பது மட்டும் போதாது. கேட்கப்பட்டவர் உண்மை உரைத்தலும் வேண்டும். அமெரிக்காவில் சார்லஸ் கல்லன் என்னும் செவிலியர், 16 ஆண்டுகளில் பல மருத்துவமனைகளில் பணியாற்றி, நோயாளிகள் பலரை மருந்தால் கொன்றார். சில இடங்களில் அவர்மீது ஐயம் எழுந்தும், அடுத்து அவரைப் பணியமர்த்திய மருத்துவமனைக்கு அது தெரிவிக்கப்படவில்லை. 2003ஆம் ஆண்டு அவர் கைதானார். அதன்பின் 2005ஆம் ஆண்டு, பணியாளரைப் பற்றிய உண்மைத் தகவலை மருத்துவமனைகள் மறைக்காமல் பகிர வேண்டும் என நியூஜெர்சி மாநிலம் சட்டம் இயற்றியது.

ஐயமன்று, அறம்

கொடியவர் மிகச் சிலரே. அச்சிலரைக் காரணமாக்கிச் செவிலியர் அனைவரையும் ஐயுறுதல் முறையன்று. மெய்ப்பிக்கப்படாத குற்றச்சாட்டைக் குற்றமாகக் கொள்ளாமையும், விளக்கமளிக்க வாய்ப்பு நல்குதலும், பணிக்குத் தொடர்பற்ற தனிவாழ்வைத் துருவாமையும் சரிபார்ப்போரின் கடமைகள். நேர்மையாகச் செய்யப்படும் சரிபார்ப்பு நோயாளியின் உயிரைக் காக்கும். அல்லும் பகலும் உழைத்துப் படித்த பெருமுக்கல் மாணவியின் பட்டத்தைப் போலிகளுக்கிடையே மதிப்பிழக்காமலும் காக்கும்.