ரப்பர் உறைக்குள் ஒளிந்த துரு
தொடர் – 9

சென்ற வாரம் பார்த்த டகாடா காற்றுப்பை விவகாரத்தில் உள்ளிருந்த வெடிமருந்தைக் கெடுத்தது ஈரம். இந்த வாரமும் ஈரம்தான்.

2022 ஜூனில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் உலகெங்கும் 9,93,407 கார்களைத் திரும்ப அழைக்கிறது என்ற செய்தியை ஜெர்மனியின் மோட்டார் வாகன ஆணையம் வெளியிட்டது. எம்.எல்., ஜி.எல்., ஆர் வகைக் கார்கள். எல்லாம் 2004 முதல் 2015 வரை தயாரானவை. சிக்கல் பிரேக் பூஸ்டரில். ஓட்டுபவரின் கால் கொடுக்கும் விசையைப் பெருக்கித் தருவது இந்தப் பாகம்தான். இதன் உலோகக் கூட்டை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். அந்த உறைக்கு அடியில் தண்ணீர் தங்கி, வருடக்கணக்கில் கூட்டை அரித்திருக்கிறது.

துரு முற்றினால் பூஸ்டரில் கசிவு ஏற்படும். வழக்கத்தைவிடப் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும், வண்டி நிற்க எடுக்கும் தூரமும் கூடலாம். அதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. குறுக்கே யாரோ ஓடிவர, ஓட்டுபவர் ஓங்கி மிதிக்கும் அந்த நொடியில் அரித்துப்போன கூடு உடைந்து, பெடலுக்கும் பிரேக்குக்கும் இருந்த தொடர்பே அறுந்துவிடலாம். மிக மிக அரிதாகவே இப்படி நடக்கும் என்றது நிறுவனம். ஆனாலும் அமெரிக்காவில் சுமார் 2,92,000 கார்களின் உரிமையாளர்களுக்கு, சோதித்து முடிக்கும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பட்டறைக்குக் கொண்டுபோக இழுவை வண்டியும் இலவசம்.

இந்தக் கார்களில் சில அப்போது பதினெட்டு வயதைத் தொட்டிருந்தன. அத்தனை வருடத்தில் ஒரு கார் எத்தனை கை மாறியிருக்கும்? நிறுவனத்தின் ஏட்டில் இருப்பது பழைய உரிமையாளரின் முகவரியாக இருக்கலாம். இன்று ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்குக் கடிதம் போய்ச் சேர்வது நிச்சயமில்லை.

சென்னையில் உள்ள ராயல் என்ஃபீல்டு 2021 டிசம்பரில் 26,300 கிளாசிக் 350 பைக்குகளை அழைத்தபோது இந்தத் தொல்லை இல்லை. பின் பிரேக்கைத் தாங்கும் ஒரு பிராக்கெட், பெடலை மிகப் பலமாக மிதித்தால் சேதமாகக்கூடும் என்று தெரிந்தது. அவை செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரான வண்டிகள். வாங்கியவர்களின் கைபேசி எண் ஷோரூமிலேயே இருந்தது.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு அரசே உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறையில் உள்ளன. அபராதம் 10 லட்சம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை. ஆனால் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இந்தக் கட்டாயம். பத்து வருடம் கழித்துத் தலைகாட்டும் துருவுக்கு இந்தக் கணக்கு எப்படிப் போதும்? பழைய கார்களை வாங்கிப் பிள்ளைகுட்டிகளை ஏற்றிச் செல்லும் குடும்பங்கள் நிறைந்த நாட்டில் இது பெரிய ஓட்டை. அடைக்கப்பட வேண்டியது.

அதுவரை, பழைய வண்டி வாங்குபவர் தாமே தேடிப்போக வேண்டியிருக்கிறது. ஆர்.சி.யில் இருக்கும் பதினேழு இலக்கச் சேஸ் எண்தான் சாவி. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம். நிறுவனத்தின் இணையதளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ அந்த எண்ணைக் கொடுத்து, முடிக்காத ரீகால் ஏதும் உண்டா என்று கேட்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்பது உத்தமம். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. எந்தப் பாகம் சோதிக்கப்பட்டது, எது மாற்றப்பட்டது என்று ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பெயர் மாற்றிய கையோடு புதிய கைபேசி எண்ணையும் சர்வீஸ் சென்டரில் பதிந்துவிட்டால், அடுத்த அழைப்பு உரியவருக்கே வரும்.

அழைப்பு வரும் முன்பே வண்டி பேசுவதும் உண்டு. மாருதி 2022 அக்டோபரில் வேகன்ஆர், செலேரியோ, இக்னிஸ் கார்களில் 9,925ஐ அழைத்தது, பின் பிரேக்கில் ஒரு பின் உடையக்கூடும் என்பதால். அதன் அறிகுறி வழக்கத்தில் இல்லாத ஒரு சத்தம். பிரேக் பிடிக்கும்போது புதிதாகச் சத்தம் வந்தாலோ, பெடல் இறுகினாலோ, தரைவரை இறங்கினாலோ 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது. அன்றே நிறுத்தி, மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும்.

நிறுத்திவைத்த வண்டியையும் பிரேக் கோளாறு விடாது என்பதை 2023 செப்டம்பரில் அமெரிக்கா பார்த்தது. ஹூண்டாயும் கியாவும் சேர்ந்து அங்கே சுமார் 33.7 லட்சம் கார்களை அழைத்தன. ஏ.பி.எஸ். கருவிக்குள் திரவம் கசிந்து, மின்கசிவால் தீப்பிடிக்கும் அபாயம். பழுது பார்க்கும்வரை காரை வீட்டுக்கு வெளியே, சுவரை விட்டுத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். அது அடுத்த வாரம்.

(தொடரும்)