சொற்பட்டியலில் தேடலும் எல்லைக் குறியும்: பெரிய அந்தமானிய மொழிச் சான்று

ஒரு மொழியின் சொற்களை வரிக்கு ஒன்றாகக் கணிப்பொறிக் கோப்பில் பதிந்தபின், வேண்டிய வடிவங்களைத் திரட்டக் 'கிரெப்' என்னும் கட்டளை பெரிதும் பயன்படும். 1970களின் தொடக்கத்தில் கென் தாம்சன் யூனிக்ஸ் அமைப்புக்கென எழுதிய இக்கட்டளை, தரப்பட்ட வாய்பாட்டுக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் வெளியிடும். 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' எனக் கணிப்பொறியியலார் வழங்கும் அவ்வாய்பாட்டை இங்குத் 'தேடல் வாய்பாடு' எனக் குறிக்கலாம். அதன் ஆற்றலையும் வரம்பையும் பெரிய அந்தமானிய மொழி தெளிவாகப் புலப்படுத்துகிறது.

அன்விதா அப்பி 2013இல் வெளியிட்ட இலக்கணத்தின்படி, அம்மொழியில் உடலுறுப்புப் பாகுபாட்டை அடிப்படையாகக் கொண்ட ஏழு முன்னொட்டுகள் உள்ளன. வாய் தொடர்பானவற்றுக்கு அ=, புற உறுப்புகளுக்கு எர்=, விரல் முதலியவற்றுக்கு ஒங்=, உள்ளுறுப்புகளுக்கு எ=, கால் தொடர்பானவற்றுக்கு ஒ= என்பன அவற்றுட் சில. இவை பெயர்ச்சொற்களோடு நில்லாமல் வினைகளோடும் பெயரடைகளோடும் சேர்கின்றன. '=' என்பது முன்னொட்டையும் வேரையும் பிரித்துக் காட்ட ஆய்வாளர் இடும் எல்லைக் குறியாகும்.

உள்ளுறுப்பு வகைச் சொற்களைத் தேடுவதாகக் கொள்வோம். ^ என்பது வரியின் தொடக்கத்தைக் குறிக்கும். எனவே,

கிரெப் '^எ' சொற்கள்

என்னும் கட்டளை எகரத்தில் தொடங்கும் அனைத்தையும் தரும்; எர்= பெற்ற சொற்களும், முன்னொட்டே இல்லாத சொற்களும் அவற்றுள் கலந்திருக்கும். '^எ=' என எல்லைக் குறியையும் சேர்த்தால் வேண்டிய வகை மட்டும் கிடைக்கும். ஒரு கட்டளையின் வெளியீட்டை | என்னும் குறியால் மற்றொன்றுக்குச் செலுத்தலாம்:

கிரெப் '^எ' சொற்கள் | கிரெப் -வி '='

'-வி' பொருந்தாத வரிகளையே காட்டும். ஆதலின், எகரத்தில் தொடங்கியும் எல்லை குறிக்கப்படாத சொற்கள் தனியே திரள்கின்றன. அவற்றின் எகரம் முன்னொட்டா, வேரின் பகுதியா என்பதை ஆய்வாளரே முடிவுசெய்தல் வேண்டும். கணிப்பொறி எழுத்தை அறியுமேயன்றிப் பொருளை அறியாது.

பேசுவோர் மிகுந்த மொழியில் இத்தகைய ஐயத்தை ஒருவரைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். பெரிய அந்தமானியக் குடும்பத்தைச் சேர்ந்த போ மொழியில் அவ்வாய்ப்பு இன்று இல்லை. அதன் இறுதிப் பேச்சாளராகிய போவா சீனியர் 2010 சனவரி 26 அன்று மறைந்தார். ஆதலின், அருகிவரும் மொழிகளைப் பதிவுசெய்வோர், பேசுவோர் உடனிருக்கும்போதே எல்லைகளைக் குறித்தலும், ஐயமுள்ள இடங்களுக்குத் தனிக்குறி இடுதலும் இன்றியமையாதவை. அன்று இடப்படாத குறியைப் பின்னர் எந்தத் தேடல் வாய்பாடும் கண்டெடுக்க இயலாது.