நெரிசல் கொல்வதில்லை

மதுரையில் போக்குவரத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கோரிப்பாளையத்தில்தான் போய் நிற்கும். ஏ.வி. பாலத்தில் ஏறி வருகிற வண்டிகளும், தல்லாகுளத்திலிருந்து இறங்குகிறவையும், பனகல் சாலையில் பெரியாஸ்பத்திரிக்கும் அண்ணா பேருந்து நிலையத்துக்கும் திரும்புகிறவையும் தேவர் சிலையருகே மோதிக்கொள்ளாத குறையாகக் கூடுகிற இடம் அது. ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் ஏற்ற ஓரம் கட்டாமல் நின்றுவிட்டால், பச்சை விளக்கு விழுந்தும் வரிசை நகராது. இந்தத் தொல்லை தீர, ஏறக்குறைய 190 கோடி ரூபாய் மதிப்பில் மேம்பாலத்துக்கு 2023 அக்டோபர் இறுதியில் அடிக்கல் நாட்டினார்கள். நெரிசல் தீர வேண்டியதுதான். ஆனால் நெரிசலைத் தீர்ப்பதையே சாலைப் பாதுகாப்பு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், கோளாறு அங்கேதான். ஊர்ந்து போகிற வண்டிகள் உரசினால் பக்கக் கண்ணாடி உடையும், முழங்கால் சிராயும், நடுரோட்டில் வாய்ச்சண்டை நடக்கும். பேருந்தின் பின்சக்கரத்தில் சிக்குவது போன்ற கொடுமைகள் அங்கும் நடக்கக்கூடியவைதான். ஆனாலும் ஆளைக் கொல்வது பெரும்பாலும் வேகம், நிற்கிற வண்டியல்ல.

அந்தச் சந்திப்பை ஒட்டியே, பெரியாஸ்பத்திரி என்று ஊர் சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. உள்ளூர் மருத்துவமனையில் முதலுதவி முடித்து ‘மதுரைக்குக் கொண்டுபோங்க’ என்று அனுப்பப்படும் தலைக்காய நோயாளிகள் சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம், தேனி என்று சுற்றுப்பட்ட மாவட்டங்களிலிருந்து வந்து சேர்வது இங்கேதான். சாவு அதிகம் நடப்பது நகர நெரிசலுக்கு வெளியே என்பதையே நாட்டின் கணக்கும் காட்டுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறத்தாழ 68 விழுக்காடு கிராமப்புறங்களில். மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் 61,038 உயிர்கள், அதாவது 36 விழுக்காட்டுக்கு மேல். நெரிசலே சாவுக்குக் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

தமிழ்நாட்டு எண்களைத் தனியாகப் பார்ப்போம். 2016-ல் 17,218 பேர் இறந்தார்கள். 2022-ல் 17,884. 2023-ல் 18,347. நடுவில் சில ஆண்டுகள் இறப்பு மளமளவெனக் குறைந்ததாக அறிக்கைகள் சொல்லின. பாதிக்கு மேல் குறைத்துவிட்டோம் என்று டெல்லியிலிருந்து பாராட்டும் கிடைத்தது. 2019-ல் 10,525, 2020-ல் 8,059 என்று வெளியான எண்ணிக்கை 2021-ல் திடீரென 15,384 ஆனது. 2020-ன் சரிவுக்கு ஊரடங்கைக் காரணம் சொல்லலாம். அதற்கு முந்தைய ஆண்டுக்கு என்ன சொல்வது? சாலைகள் ஒரே ஆண்டில் இத்தனை நல்லவையாகவோ கெட்டவையாகவோ மாறுவதில்லை. கணக்கெழுதும் முறையின் மீதே சந்தேகம் எழுகிற இடம் இது. இரண்டு முனைகளை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏழு ஆண்டுகளில் ஓரடிகூட முன்னேறவில்லை, பின்னேறியிருக்கிறோம் என்பதே மிச்சம்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் நான்கு வழிச்சாலை என்ன செய்தது என்று பார்த்தால் காரணம் புரியும். திண்டுக்கல்லிலிருந்து வாடிப்பட்டி, சமயநல்லூர் வழியாக வந்து திருமங்கலம், கள்ளிக்குடி என்று தெற்கே போகிற சாலை, மேலூர் வழியாகத் திருச்சிக்குப் போகிற சாலை, உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை நகரை வளைத்துச் செல்லும் ரிங் ரோடு ஆகிய எல்லாமே ஊர்களின் நடுவிலோ ஊருக்கும் வயலுக்கும் நடுவிலோ ஓடுகின்றன. ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் வயலும் ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும். நடுவில் சென்டர் மீடியன். யூ-டர்ன் போட ஒன்றிரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும் என்றால், பால் கேனைக் கட்டிக்கொண்டு டி.வி.எஸ். ஃபிப்டியில் வருகிறவர் என்ன செய்வார்? ஓரமாகவே எதிர்த்திசையில் வருவார். அல்லது அரளிச்செடிகளுக்கு இடையே யாரோ உண்டாக்கிவைத்த சந்தில் வண்டியை உருட்டிக்கொண்டு கடப்பார். அவர் செய்வது விதிமீறல்தான். ஆனால் தினமும் நூறு பேர் ஒரே இடத்தில் ஒரே விதியை மீறினால், அந்த நூறு பேரின் ஒழுக்கத்தை ஆராய்வதைவிட அந்த இடத்தை ஆராய்வது அறிவுடைமை. அங்கே வரும் கார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் இருந்தால், ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடும் அந்த ஒரு விநாடிக்குள் வண்டி 28 மீட்டர் கடந்திருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்போகும் விபத்தின் அபாயம் நான்கு விழுக்காடு கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உடனே வரும் மறுப்பு தெரிந்ததுதான்: ஹெல்மெட் போடாதவனையும் குடித்துவிட்டு ஓட்டுகிறவனையும் விட்டுவிட்டு ரோட்டைக் குறை சொல்வதா? நியாயமான கேள்வி. 2022-ல் நாடு முழுவதும் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அந்த எண்ணைப் பார்த்த பிறகு ஹெல்மெட்டுக்கு எதிராகப் பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் இதையும் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயமானது. கடைகளில் ஹெல்மெட் கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள். அந்த ஆண்டு 15,642 ஆக இருந்த இறப்பு அடுத்த ஆண்டு 17,218. ஹெல்மெட் உயிர் காக்காது என்பது இதற்குப் பொருளல்ல. கெடுபிடி சில மாதத்தில் தளர்ந்துவிடும், சாலையின் வடிவமோ இருபத்து நான்கு மணி நேரமும் வேலை செய்யும். தனிமனித ஒழுக்கத்தை மட்டுமே நம்புகிற கொள்கை அங்கே அடிவாங்குகிறது. நடந்து போகும்போது இறந்த 32,825 பேர் அதே 2022-ன் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த ஹெல்மெட்டைப் பரிந்துரைப்பது?

இன்னொரு வாதம், வண்டி பெருகினால் சாவும் பெருகத்தானே செய்யும் என்பது. ஜப்பானில் 1970-ல் சாலையில் இறந்தவர்கள் 16,765 பேர். 2023-ல் 2,678 பேர். இடைப்பட்ட காலத்தில் அங்கே வண்டிகள் குறையவில்லை, பல மடங்கு பெருகின. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிரை விலையாகக் கேட்காத சாலையைக் கட்டுவது அரசின் பொறுப்பு என்று ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-ல் கொள்கையாகவே ஏற்றது. நம் ஊரில் அந்தப் பொறுப்பு எங்கே போகிறது என்பதை முதல் தகவல் அறிக்கையைப் புரட்டினால் பார்த்துவிடலாம். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற வாசகம் அச்சடித்தாற்போல் வரும். குற்றவாளி ஓர் ஓட்டுநர். பல நேரம் இறந்துபோனவரே. விளக்கு எரியாத கம்பமும், சர்வீஸ் ரோடு பாதியில் முடிந்த இடமும், எச்சரிக்கைப் பலகை இல்லாத வளைவும் அதில் ஏறுவதில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. பாதுகாப்பு விதிமுறைப்படி சாலையை வடிவமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் இறப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஹெல்மெட் இல்லாதவரிடம் ஆயிரம் ரூபாய் வசூலிப்பதில் காட்டுகிற சுறுசுறுப்பில் கால்வாசியை இந்தப் பிரிவுக்கும் காட்டலாம்.

மருத்துவம் கைகொடுக்கவில்லையா என்றால், கொடுக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்; அவர் எந்த மாநிலத்துக்காரர் என்று கேட்பதில்லை. தமிழ்நாடு பெருமைப்படக்கூடிய திட்டம் இது. இருந்தும் 2022, 2023 இரண்டும் இறப்பு ஏறிய ஆண்டுகளாகவே இருக்கின்றன. நூறு கிலோமீட்டர் வேகத்தில் மோதி நசுங்கிய மண்டையோட்டுக்கு எந்த மருத்துவரும் ஓரளவுக்கு மேல் எதுவும் செய்ய முடியாது.

எனவே வேகத்தைக் குறைக்கச் சொன்னால், வளர்ச்சிக்கு எதிரி என்ற பட்டம் கிடைக்கும். நான்கு வழிச்சாலையில் காருக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் என்று மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கையை 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதும் இதே முணுமுணுப்புதான். மதுரையிலிருந்து திண்டுக்கல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நூறில் போனால் 36 நிமிடம், எண்பதில் போனால் 45. மிச்சமாவது ஒன்பது நிமிடம். திண்டுக்கல்லில் இறங்கி ஒரு டீ குடித்தால் தீர்ந்துபோகிற நேரம். எல்லா இடத்திலும் எண்பது வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஊர் குறுக்கிடும் இடங்களில் மட்டும் ஐம்பதுக்குக் கீழே இறங்கும்படி சாலையையே குறுக்கி அமைத்து, கேமராவும் வைத்தால் போதும். பலகை மட்டும் போதாது. அகலமான சாலை ஓட்டுநரின் காலிடம் ஒன்றைச் சொல்லும், பலகை வேறொன்றைச் சொல்லும், கால்தான் ஜெயிக்கும்.

கோரிப்பாளையம் மேம்பாலத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். நகரத்துக்குள் நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்த பறக்கும் சாலை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. தடையில்லாத நீண்ட சாலை நகரத்துக்குள் நெடுஞ்சாலை வேகத்தைக் கொண்டுவரும். கோரிப்பாளையத்தில் பாலம் தரையிறங்கும் இடங்களில், மேலே பிடித்த வேகம் அப்படியே கீழே வந்து சேரும். வயர் கூடையில் ஃபிளாஸ்க்கும் மாற்றுத்துணியும் வைத்துக்கொண்டு வார்டிலிருந்து எதிர்ச்சாரிக் கடைக்கு இட்லி வாங்கப் போகிற பெண்மணி அந்த வேகத்துக்கு முன்னால்தான் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். அவருக்கு அடையாளக் கோடும், நின்று போக நடுத்திட்டும், வண்டியைத் தடுக்கும் விளக்கும் எங்கே என்பது பாலத்தின் வரைபடத்திலேயே இருக்க வேண்டிய பதில். பாலம் திறந்து இரண்டு பேர் செத்த பிறகு போலீஸ் இழுத்து வைக்கிற பேரிகார்டு பதிலாகாது.

மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் ஐந்து கடும் விபத்துகளோ பத்து இறப்புகளோ நடந்த 500 மீட்டர் நெடுஞ்சாலைத் துண்டை ‘பிளாக் ஸ்பாட்’ என்று அடையாளம் காணும் வரையறையும் இருக்கிறது. பத்துப் பேர் சாகும்வரை காத்திருக்கும் வரையறை என்று அதையும் குறை சொல்லலாம்; இருப்பதை ஒழுங்காகச் செய்தாலே முதல் வேலை முடியும். மதுரை மாவட்டத்தின் பிளாக் ஸ்பாட் பட்டியலை அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன வேலை, எந்தப் பொறியாளர் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் முடியும் என்று எழுதட்டும். தேதி தாண்டி அங்கே உயிர் போனால் 198ஏ இருக்கிறது.