சொல்லற்ற சொற்பொழிவு

1903-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதியன்று, அமெரிக்கக் கணித சங்கத்தார் நியூயார்க் நகரில் கூடியிருந்தனர். பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் கட்டுரை படிக்கவேண்டிய முறை வந்தது. அவர் வாய் திறக்கவில்லை. நேரே கரும்பலகையண்டை சென்று, 67 இரண்டுகளைப் பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் கழித்தார். கிடைத்த எண் 14,75,73,95,25,89,67,64,12,927. பிறகு பலகையின் மறுபுறத்தில் 19,37,07,721 என்றும் 7,61,83,82,57,287 என்றும் எழுதி, நம் பிள்ளைகள் சிலேட்டில் போடுவது போலவே பெருக்கினார். அதே எண் வந்தது. பேசாமல் போய் உட்கார்ந்தார். சபையோர் கரகோஷம் செய்தனர்.

எரிக் டெம்பிள் பெல் என்ற கணித நூலாசிரியர் பிற்காலத்தில் இவ்வாறு எழுதிவைத்தார். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். பெருக்கலில் மெருகு கிடையாது. ஐயமுள்ள வாசகர் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பெருக்கற் கணக்குக்கா இத்தனை ஆரவாரம்? 1644-ல் மெர்ஸேன் என்ற பிரெஞ்சுத் துறவி, இவ்வெண் தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண் என்று எழுதிவிட்டார். இருநூறு வருஷத்துக்கு மேல் அவர் வாக்கு நிலைத்தது. 1876-ல் லூக்காஸ் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் அது பகா எண் அன்று என்று நிரூபித்தார். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அதை எது வகுக்கும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை!

வகுக்கும் எண்ணைக் காணாமல் வகுபடும் என்று எப்படிச் சொல்வது? வகுப்பில் 91 பகா எண்தானா என்று கேட்டால் பாதிப் பேர் தயங்காமல் ஆம் என்பார்கள். 90 இரண்டுகளைப் பெருக்கி 91-ஆல் வகுத்துப் பாருங்கள். 91 பகா எண்ணானால் மீதம் 1 வரவேண்டும். இது பெர்மா கண்ட விதி. வருவதோ 64. ஆகவே 91 பகா எண் அன்று. அது 7-ம் 13-ம் பெருக்கி வந்தது என்பதை நாம் இதில் எங்குமே காணவில்லை. லூக்காஸ் கையாண்ட முறை வேறு, இதனினும் நுட்பமானது; தத்துவம் இத்தகையதே.

குற்றம் நடந்தது நிச்சயம், குற்றவாளி மட்டும் அகப்படவில்லை என்ற நிலையில் 27 ஆண்டுகள் கழிந்தன. இவ்வெண்ணின் காரணி எதுவாயினும் 134-ஆல் வகுத்தால் மீதம் 1 வரவேண்டும் என்பது தெரிந்ததே. ஆனால் அவ்வரிசையில் கோல் கண்ட சிறிய காரணி 14,45,580-ஆவது இடத்தில் ஒளிந்திருந்தது! வேறொரு விதியால் பாதியைத் தள்ளிவிட்டாலும், ஒரு வகுத்தலுக்கு ஐந்து நிமிஷம் வீதம் இரவு பகல் ஓயாமல் ஏறக்குறைய ஏழு வருஷமாகும். கோல் அப்படி முட்டி மோதவில்லை. வர்க்க மீதங்களை ஆராய்ந்து, காரணியாக இருக்க முடியாதவற்றைக் கூட்டங் கூட்டமாக விலக்கினார். அதற்கே மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள்.

பெருக்குவது சில நிமிஷ வேலை. பிரிப்பது வருஷக்கணக்கான வேலை. இந்த ஏற்றத்தாழ்வையே பூட்டாக்கலாம் என்று 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவர் கண்டனர். கணிப்பொறிகளுக்கிடையே செல்லும் இரகசியங்களைக் காக்க அவர்கள் முறை உலகெங்கும் பரவிற்று. அவர்கள் அவ்வாண்டு சவாலாக வெளியிட்ட 129 இலக்க எண்ணைப் பிரிக்க, 1994-ல் சுமார் அறுநூறு பேர் பல தேசங்களிலிருந்து தங்கள் கணிப்பொறிகளை ஈடுபடுத்த வேண்டியதாயிற்று. 250 இலக்க எண்ணொன்று 2020-ல் பிரிபட்டது. அதனால் பூட்டுக்கு இன்னும் நீண்ட எண்களைத் தேடுகிறார்கள்.

லூக்காஸ் தொடங்கிய பாதி வேலையைப் பூரணமாக்கிய பெருமை நம் நாட்டுக்கு உண்டு. எந்த எண்ணாயினும் அது பகா எண்தானா என்பதை, ஊகம் எதுவுமின்றி, விரைவில் நிச்சயிக்கும் முறையை 2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும், அவர் மாணாக்கர்களான நீரஜ் கயால், நிதின் சக்ஸேனா இருவரும் கண்டனர். மாணாக்கர் இருவரும் அவ்வாண்டுதான் பட்டம் பெற்றிருந்தனர். அவர்கள் முறையும் வகுபடும் என்பதோடு நின்றுவிடும். காரணி இன்னதென்று காட்டாது. சாதாரணக் கணிப்பொறியைக் கொண்டு அதை விரைவில் காட்டும் வழியை இதுவரை எவரும் வெளியிட்டதில்லை.