ஆங்கிலப் பரீட்சையும் சொல்லாட்சியும்

மேலைநாட்டுச் சர்வகலாசாலைகளிற் பயில விரும்பும் நம் மாணவர் பலர், ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலப் பரீட்சையின்பொருட்டுப் பெரும்பொருளும் பெருமுயற்சியும் செலவிடுகின்றனர். அவருள் அநேகர் அஞ்சுவது எழுத்துப் பகுதியையே; அஞ்சினவர் உடனே நாடுவது அருஞ்சொற் பட்டியலையே. பட்டியலை மனனஞ் செய்தல் ஒன்றே வெற்றிக்கு வழியாகுமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம். தமிழ் பயிலும் எமக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்பார்க்கு, சொல்லின் இயல்பறிதல் எம்மொழிக்கும் பொது என்பதே எம் விடை.

உயர்கல்வி நாடுவோர்க்குரிய எழுத்துப் பகுதிக்கு 60 நிமிஷங்கள் உண்டு, வினாக்கள் இரண்டு. வரைபடத்தையோ அட்டவணையையோ விவரித்து 150 சொற்களுக்குக் குறையாமல் எழுதுதல் முதலாவது. ஒரு பொருள்பற்றி 250 சொற்களுக்குக் குறையாமல் கட்டுரை வரைதல் இரண்டாவது. இதற்கு மதிப்பு இருமடங்கு. ஆதலின் முன்னதற்கு 20 நிமிஷமும் பின்னதற்கு 40 நிமிஷமும் கொள்ளுதல் முறை. வினாவிற்கேற்ற விடை, கருத்துத் தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணத் திறன் என்னும் நான்கும் ஒத்த எடையுடன் மதிக்கப்படும். சொல்வளம் நான்கில் ஒரு பங்கே என்பதை மறத்தலாகாது. பவணந்தியார் நன்னூலிற் கூறிய குற்றங்களுள் மற்றொன்று விரித்தலும் வெற்றெனத் தொடுத்தலும் இப்பரீட்சையிலும் குற்றங்களேயாம்.

எம் தோழர் ஒருவர், எழுத்துப் பகுதியில் அரை மதிப்பெண் குறைந்தமையால் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. அவர் குறிப்பேட்டில் ஆயிரம் அருஞ்சொற்கள் இருந்தன. பயிற்சிக்கென எழுதிய கட்டுரையொன்றை அவர் எமக்குக் காட்டினார். கிராமங்களுக்கு ஆசிரியர் பலர் வேண்டும் என்னுங் கருத்தை, ஆசிரியரின் ‘பிளெத்தோரா’ வேண்டும் என எழுதியிருந்தார். அச்சொல்லோ வேண்டிய அளவிற்கு மிஞ்சிய பெருக்கத்தைக் குறிப்பது! ‘மெனி’ என்னும் எளிய சொல் அவ்விடத்தில் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

சொல்லின் பொருளை மட்டும் அறிந்தாற் போதாது. அதன் துணையையும் அறிதல் வேண்டும். தமிழர் பூவைச் சூடுவர்; ஆடையை உடுப்பர்; அணியைப் பூணுவர். ஆங்கிலர்க்கோ இம்மூன்றற்கும் ‘வேர்’ என்னும் ஒரு வினையே அமையும். அங்ஙனமே, நாம் ஆராய்ச்சி செய்தல், முடிவு செய்தல், குற்றஞ் செய்தல் என ஒரே வினையால் உரைப்பவற்றை அவர்கள் ‘கண்டக்ட் ரிசர்ச்’, ‘மேக் எ டிசிஷன்’, ‘கமிட் எ கிரைம்’ என வெவ்வேறு வினைகளால் உரைப்பர். ‘மேக் ரிசர்ச்’ என எழுதுவோன் பொருளறிந்தவனேயாயினும் மரபறியாதவனாகின்றான். பரீட்சகர் சொல்வளம் என்று நோக்குவதில் இம்மரபறிவும் அடங்கும்.

அங்ஙனமாயின் எச்சொற்களைக் கற்பது? டாக்காவில் ஆசிரியப் பணி புரிந்த மைக்கேல் வெஸ்ட் என்பார், 1953இல் ஏறத்தாழ 2,000 பொதுச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். அவற்றின்மேல், கல்வி நூல்களிற் பெரிதும் பயிலும் 570 சொற்குடும்பங்களை நியூஜீலந்து நாட்டு ஆவெரில் காக்ஸ்ஹெட் அம்மையார் 2000இல் வகுத்தார். கலை, வாணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய துறைகளின் ஏறத்தாழ 35 இலக்கம் சொற்களை ஆராய்ந்து கண்ட தொகுதி அது. அந்நூல்களிற் பத்தில் ஒரு பங்கு சொற்கள் அத்தொகுதியைச் சார்ந்தவை. ‘அனலைஸ்’, ‘அனாலிசிஸ்’, ‘அனலிட்டிகல்’ என்பன ஒரு குடும்பம். வினையையும் பெயரையும் அடைமொழியையும் ஒருங்கே கற்பவன், ஒரு கருத்தைப் பல வாக்கிய அமைப்புக்களில் உரைக்கும் ஆற்றல் பெறுகின்றான்.

ஆகலின் நாள்தோறும் நல்ல ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் படித்து, ஐந்து சொற்களை அவை நின்ற வாக்கியங்களோடு குறித்தல் நலம். மறுநாள் அவற்றை வைத்துச் சொந்தமாக ஒரு பத்தி எழுதுக. வாரம் ஒருமுறை கடிகாரத்தை முன்வைத்து 40 நிமிஷத்தில் ஒரு கட்டுரை முடிக்க. அதில் முதல் ஐந்து நிமிஷம் கருத்துக்களை வரிசைப்படுத்தவும், இறுதி ஐந்து நிமிஷம் பிழை களையவும் உதவுக. எழுதியதை அறிந்தார் ஒருவர்க்குக் காட்டித் திருத்தம் பெறுக. பிறர் எழுதிய கட்டுரையை நெட்டுருச் செய்து ஒப்பித்தல் வேண்டா. பரீட்சகர் அதனை எளிதிற் கண்டுகொள்வர், மதிப்பும் குறையும்.

திருமறையில், தாலந்தைப் பூமியிற் புதைத்து வைத்தவன் கதையை நாமெல்லாம் அறிவோம். அவன் அதனைத் தொலைத்தானல்லன், வழங்காதொழிந்தான், அத்துணையே. குறிப்பேட்டிற் புதைந்த ஆயிரஞ் சொற்களின் நிலையும் அஃதே. எம் தோழர் இப்பொழுது நாளொன்றுக்கு ஐந்து சொற்களே கற்கின்றார். ஐந்தையும் அன்றே எழுதிப் பழகுகின்றார். அடுத்த பரீட்சையில் அவர் வெற்றி பெறுவாராக. நாமும் கற்ற சொல்லை வழங்கிப் பெருக்குவோமாக!